சனிக்கிழமை காலை ரயில்: ஐரோப்பாவில் படிக்கும் பிள்ளைகளின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. படிக்கப் போன இடத்தில் நண்பர்களோடு சனி, ஞாயிறு ஊர் சுற்றுவது. நானும் பத்து வருடங்களுக்கு முன்னால் ஜெர்மனியின் ஆஹன் நகரில் முதுகலை படித்தவள். அந்த இரண்டரை வருடத்தில் எனக்கு மிச்சமாகியிருப்பதில் பட்டத்துக்கு அடுத்து பெரியது அந்தப் பயணங்கள்தான். அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: அக்கா, நான் அக்டோபரில் ஆஹன் வந்தேன், முதல் செமஸ்டர். வயது 23. அறைத் தோழர்கள் கிறிஸ்துமஸுக்குள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக் மூன்றையும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி வைத்த பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது, பார்ட் டைம் வேலை இன்னும் கிடைக்கவில்லை. போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?

போங்கள் தம்பி. ஆனால் கிறிஸ்துமஸுக்குள் மூன்றும் வேண்டாம், இந்த மூன்றில் தொடங்கவும் வேண்டாம்.

முதலில் பர்ஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது இல்லையா? வெளியில் வாங்கினால் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் அதன் மாணவர் வடிவம் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. ஐ.சி.இ., ஐ.சி. போன்ற வேக ரயில்களில் அது செல்லாது. மற்றபடி ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், எஸ்-பான் என்ற நகர ரயில், டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். அதாவது பயணச் செலவை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அதைப் பயன்படுத்தாமல் பாரிஸுக்கு பஸ் டிக்கெட் தேடுவது, வீட்டில் சமைத்து வைத்துவிட்டு ஹோட்டலுக்குப் போவது மாதிரி.

முதல் சனிக்கிழமை ஆஹனை விட்டு பத்து கிலோமீட்டர்கூடப் போக வேண்டாம். ஃபால்ஸுக்கு பஸ் ஏறுங்கள், அது நெதர்லாந்து. அங்கிருந்து மேட்டுப்பாதையில் நடந்தால் மூன்று நாடுகள் சந்திக்கிற இடத்தில் நட்ட கல் இருக்கும். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து. உயரம் 322 மீட்டர், நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பில் அதைவிட உயரமான இடம் கிடையாது. ஒரு காலத்தில் இங்கே நாலாவதாகவும் ஒரு எல்லை இருந்தது. பக்கத்தில் இருந்த துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று பிரஷ்யாவும் நெதர்லாந்தும் ஒத்துப்போகாமல், 1816-ல் அந்தத் துண்டு நிலத்தை யாருக்கும் இல்லாமல் நடுநிலை மோரெஸ்னே என்று விட்டுவிட்டார்கள். முதல் உலகப் போர் வரும்வரை அது அப்படியே இருந்தது. அந்தக் கல்லைச் சுற்றி ஓடினால் பத்து நொடியில் மூன்று நாடு. ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டைக்கு மேல் புதுசாக வாங்கிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போய் நின்ற என் முதல் அக்டோபரை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

அடுத்தது கொலோன். ஒரு மணி நேரம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கதீட்ரல் எதிரிலேயே நிற்கும், தேட வேண்டியதில்லை. 1248-ல் தொடங்கி 1880-ல் முடித்தார்கள். நடுவில் பல நூறு வருடம் வேலையே நடக்கவில்லை. தெற்குக் கோபுரத்தில் 533 படி. ஏறுங்கள், ஆனால் அறையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கீழே வந்ததும் கால் நடுங்கும்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு இரவு தங்கல் போட்டு டிரியர் போங்கள். வட்டார ரயிலில் கொலோன், கோப்லென்ஸ் வழியாக நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும்; கோப்லென்ஸுக்குப் பிறகு மோசல் ஆறும் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டமும் கூடவே வரும், அதனால் நேரம் தெரியாது. டிரியரில் போர்ட்டா நீக்ரா என்ற ரோமானியர் காலத்து வாசல் இருக்கிறது. கிட்டத்தட்ட 1,850 வருடத்துக் கல், சாந்து பூசாமல் இரும்புப் பட்டையால் பிணைத்துக் கட்டியது. 11-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி அதற்குள் போய் வாழ்ந்து, அவர் போன பிறகு அதைத் தேவாலயமாக்கியதால்தான் யாரும் கல்லை உடைத்து எடுத்துப் போகாமல் அது தப்பியது. கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடும் அந்த ஊரில்தான்.

ஞாயிறு காலை டிரியரிலிருந்து பெர்ல் என்ற சின்ன ஸ்டேஷனுக்கு அதே டிக்கெட்டில் போகலாம். அது ஜெர்மனியின் கடைசி ஊர். மோசல் ஆற்றுப் பாலத்தை நடந்து கடந்தால் எதிர்க்கரையில் லக்சம்பர்க் நாட்டின் ஒரு ஒயின் கிராமம். பெயர் ஷெங்கன். ஆமாம், சென்னையில் வி.எஃப்.எஸ். விசா மையத்தின் வாசலில் எத்தனையோ பேர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்த விசாவின் பெயர் இந்தச் சின்னக் கிராமத்துடையது. 1985 ஜூன் 14 அன்று பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து என ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள், ஆற்றில் நின்ற பிரின்செஸ் மாரி-ஆஸ்ட்ரிட் என்ற கப்பலில் உட்கார்ந்து, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்ட நாலு பேரில் நானும் ஒருத்தி. எங்களில் ஒருவன் முதல் முறை விசா மறுக்கப்பட்டு அடுத்த வருடம்தான் வந்தவன். அவன் அங்கே ரொம்ப நேரம் பேசவே இல்லை. அங்கிருந்து லக்சம்பர்க் நகருக்கும் பஸ் பிடிக்கலாம், காசு கிடையாது. 2020-லிருந்து அந்த நாட்டில் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே எல்லோருக்கும் இலவசம்.

பாரிஸ் எங்கே போய்விடும்? வசந்தத்தில் போங்கள். அதற்குள் உங்கள் கையில் ஜெர்மன் வதிவிட அட்டை வந்திருக்கும், அதுதான் அங்கே பெரிய சொத்து. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் முறைப்படி வசிக்கிற 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை எல்லாம் இலவசம். குடியுரிமை இந்தியாதானே என்று பலர் காசு கட்டி உள்ளே போகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் லூவ்ருக்கு நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும், செவ்வாய்க்கிழமை லூவ்ர் விடுமுறை, திங்கட்கிழமை ஓர்சே விடுமுறை.

மலிவு விமானத்தைப் பற்றி ஒன்று. டிக்கெட்டில் பாரிஸ் என்று இருந்தாலும் இறங்குவது போவே என்ற ஊராக இருக்கலாம், பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்று இருந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர். விமானம் இருபது யூரோ, அங்கிருந்து ஊருக்குள் வர பஸ் அதற்கு மேல் என்று ஆகிவிடும். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பணக் கணக்கு கேட்டீர்கள். 992-ல் வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு போக மிஞ்சுவதை உங்களைவிட யாரும் சரியாகச் சொல்ல முடியாது. வேலை கிடைக்கும்வரை மாதம் இரண்டு ஒருநாள் பயணம், கையில் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் 15 யூரோவுக்கு மேல் போகக் கூடாது. இரவு தங்கல் இரண்டு மாதத்துக்கு ஒன்று. இது நான் வைத்திருந்த கணக்கு, ஒரு முறையும் அப்பாவிடம் கேட்க வேண்டி வரவில்லை.

கேள்வி: நாங்கள் டிரெஸ்டனில் படிக்கும் ஒன்பது பேர், எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். போன மாதம் பிராக் போய் வந்தோம். வந்ததிலிருந்து மூன்று பேர் எங்களோடு பேசுவதில்லை. செலவைப் பங்கு போட்டதில்தான் சண்டை. நான்தான் எல்லாவற்றையும் புக் செய்தேன், எனக்கு இன்னும் 140 யூரோ வர வேண்டும். கேட்கவும் கஷ்டமாக இருக்கிறது. என்ன செய்வது அக்கா?

இன்றைக்கே கேளுங்கள். குரூப்பில் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, எதற்கு எவ்வளவு என்று எழுதி, "உன் பங்கு 46 யூரோ 50, இந்த வாரம் அனுப்பிவிடு" என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் 140 யூரோவும் போகும், அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் அந்தக் கணக்கும் ஓடும். எனக்கு அப்படி ஒருத்தி போய்விட்டாள். புடாபெஸ்ட் போன பயணம், அவள் தர வேண்டியது 38 யூரோ. நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை, மறந்திருப்பாள். நான் அவளிடம் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முதல் செமஸ்டரில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். ஒரு மெசேஜில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்தை நான் மனசுக்குள் போட்டு வளர்த்தேன், தப்பு என்னுடையது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

அடுத்த முறைக்கு: ஒன்பது பேர் வேண்டவே வேண்டாம். நாலு பேர். ஹாஸ்டலில் நாலு படுக்கை அறை கிடைக்கும், சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் மேஜை கிடைக்கும், டிராம் வந்தால் நாலு பேரும் ஏறிவிடலாம். ஒன்பது பேர் போனால் ஒவ்வொரு தெருமுனையிலும் யாராவது ஒருவருக்காக மற்ற எட்டு பேர் நிற்பீர்கள். ஒன்பது பேரும் போயே ஆக வேண்டுமென்றால் இரண்டு குழுவாகப் பிரிந்து தனித்தனியாகச் சுற்றி, ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் சேருங்கள்.

பணத்துக்கு நாங்கள் பிறகு கண்டுபிடித்த வழி பொதுப் பை. கிளம்புவதற்கு முன் ஆளுக்கு 50 யூரோ ஒருவரிடம் சேர்ந்துவிடும். டிராம் டிக்கெட், தண்ணீர், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் அதிலிருந்து. பீர் அதிலிருந்து கிடையாது, சிகரெட் கிடையாது, ஒருவர் மட்டும் போகிற மியூசியம் கிடையாது. பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது: குடிக்காதவன் குடிப்பவனுக்கும் சேர்த்துக் கட்டுவான், மரக்கறி சாப்பிடுகிறவள் மற்றவர்களின் மாட்டிறைச்சிக்கும் சேர்த்துக் கட்டுவாள், வெளியே சொல்லாமல் உள்ளே புழுங்குவார்கள். ரயில், ஹாஸ்டல் போன்ற பெரிய செலவை ஸ்ப்ளிட்வைஸ் என்ற செலவு பிரிக்கும் ஆப்பில் போடுங்கள், ஆனால் திரும்பி வரும் ரயிலில் உட்கார்ந்து அங்கேயே முடித்துவிடுங்கள். திங்கட்கிழமைக்குக் கணக்கைக் கொண்டுபோகக் கூடாது.

அப்புறம், புக் செய்கிறவரே எப்போதும் புக் செய்யக் கூடாது. நீங்கள் ரயில் பார்த்தால் இன்னொருவர் தங்குமிடம் பார்க்கட்டும்.

பிராக் மறுபடி போவீர்கள் இல்லையா, இரண்டரை மணி நேர தூரம்தானே, அதனால் சொல்கிறேன். டிரெஸ்டனிலிருந்து போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், எல்பே ஆறும் எதிரில் பாஸ்டை பாறைகளும் அந்தப் பக்கம்தான். பணம் மாற்றுவதென்றால் கையில் என்ன வரும் என்று எழுதி வாங்கிய பிறகே நோட்டை நீட்டுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் செக் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ மதிப்புவரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்து திரும்ப வாங்கலாம். கார்டு தேய்க்கும்போது யூரோவிலா கொருனாவிலா என்று கேட்டால் எப்போதும் கொருனா. டிராம் டிக்கெட்டைத் தாளாக வாங்கினால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், டிக்கெட் கையில் இருந்தும் அது குத்தாததால் அபராதம் கட்டியவர்கள் நிறைய. சார்லஸ் பாலத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போங்கள். 516 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் முப்பது சிலைகள். பத்து மணிக்குப் போனால் முன்னால் போகிறவரின் முதுகுப் பைதான் தெரியும்.

கேள்வி: கார்ல்ஸ்ரூஹேவில் படிக்கிறேன். படிக்க வருவதற்காக வாங்கிய என் டி விசா போன வாரம் முடிந்துவிட்டது. முடிவதற்கு முன்பே வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டேன், ஆனால் அப்பாயின்ட்மென்ட் இன்னும் கிடைக்கவில்லை. விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் இருக்கிறது. தோழிகள் ஸ்ட்ராஸ்பர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லையில் யாரும் பார்ப்பதில்லை என்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள்.

டி விசா உயிரோடு இருந்தவரை உங்களுக்கு அந்த உரிமை இருந்தது: 180 நாளில் 90 நாள் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய் வரலாம், அட்டை வந்த பிறகும் அதே கணக்குதான். இப்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். ஒரு மின்னஞ்சல் பயண ஆவணம் ஆகாது. அயல்நாட்டவர் அலுவலகம் இந்த இடைக்காலத்துக்கு ஒரு தாள் தரும், அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனாலும் ஜெர்மனிக்குத் திரும்பி வர அது செல்லும். 3-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்விட்டுத் திரும்பி வர முடியாது. 4 என்றே இருந்தாலும், என்னைக் கேட்டால் அட்டை கைக்கு வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுங்கள் என்பேன்.

எல்லையில் யாரும் பார்ப்பதில்லை என்பது பழைய கதை. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. அதற்கு முன்பே நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பாரிஸிலிருந்து இரவு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம், இரண்டு மணி, எல்லோரும் தூக்கம். போலீஸ் ஏறி ஒவ்வொரு சீட்டாக டார்ச் அடித்தது. எங்களோடு வந்த பையன் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு ஃபோனில் படம் வைத்திருந்தான். அவனைக் கீழே இறக்கினார்கள், பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாக அவன் முகத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறுநாள் மதியம் வந்து சேர்ந்தான், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவன் ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தவன். உங்கள் நிலைமை அப்படி இல்லை. தோழிகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்: பாஸ்போர்ட், வதிவிட அட்டை இரண்டும் அசலாகக் கையில் வேண்டும், முதுகுப் பையில் வேண்டாம், உடம்போடு ஒட்டிய சின்னப் பையில்.

சந்தை பார்க்கத்தானே ஆசை? ஓஃபன்பர்க் வழியாக கெங்கென்பாக் போங்கள், எல்லாம் ஜெர்மனிக்குள், டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் அதிலேயே. அந்த ஊர் டவுன் ஹாலில் 24 ஜன்னல். டிசம்பரில் ஒவ்வொரு மாலையும் ஒரு ஜன்னல் திறந்து, கட்டடமே கிறிஸ்துமஸ் நாள்காட்டியாகிவிடும். சூடான ஒயின் வேண்டாம் என்றால் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள், மது இல்லாத பழரசம். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். ஸ்ட்ராஸ்பர்க் சந்தை 1570-லிருந்து நடக்கிறது, அடுத்த டிசம்பரிலும் இருக்கும்.

கேள்வி: டப்ளினில் எம்.எஸ். படிக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் நண்பர்கள் பாரிஸ் வரச் சொல்கிறார்கள். அயர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியம்தானே, என் ஐரிஷ் அட்டையோடு போகலாமா?

முடியாது தம்பி. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. உங்களுக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். அப்பாயின்ட்மென்ட் சுலபத்தில் கிடைப்பதில்லை, அதனால் கோடை விடுமுறைக்கு என்று இப்போதே தொடங்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: பெல்ஃபாஸ்ட் ரயிலிலும் பஸ்ஸிலும் யாரும் பாஸ்போர்ட் கேட்காமல் விட்டுவிடலாம், ஆனால் அது வட அயர்லாந்து, பிரிட்டனைச் சேர்ந்தது, இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டிஷ் விசா வேண்டும். மாணவர் லீப் கார்டை (அயர்லாந்தின் பயண அட்டை) எடுத்துக்கொண்டு கால்வே போங்கள், மழை நின்ற நாளில் மோஹர் செங்குத்துப் பாறைகள். கார்க்கிலிருந்து அரை மணி ரயிலில் கோவ். டைட்டானிக் 1912-ல் கடைசியாக நின்ற துறைமுகம் அது. உங்கள் நண்பர்களுக்கு அதெல்லாம் இல்லை, அவர்களை அங்கே கூப்பிடுங்கள். அவர்களுக்கு ஐரிஷ் விசா வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சுத்த சைவம். ஊர் சுற்றும்போது என்ன சாப்பிடுவது?

சனிக்கிழமை மதியத்துக்கும் ராத்திரிக்கும் புளிசாதம், ஞாயிறு காலைக்கு பிரெட். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷன் கடைகள் மட்டும் திறந்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். வெளியில் ஃபலாஃபெல் எந்த ஊரிலும் கிடைக்கும். பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், எல்லாக் கடையிலும் இல்லை, ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜெல்லி மிட்டாயில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். பிரான்சில் உணவகத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஜெர்மனியில் அதை எதிர்பார்க்க வேண்டாம், பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: வணக்கம் சகோதரி. மதுரையிலிருந்து எழுதுகிறேன். கல்விக்கடன் வாங்கித்தான் மகளை மிலான் அனுப்பினோம். மாதம் இரண்டு முறையாவது ஒரு ஊர் என்று ஸ்டேட்டஸ் வைக்கிறாள், கூட ஆண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவள் அப்பா ராத்திரி தூங்குவதில்லை. போகாதே என்று சொல்லலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் தூங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் அவள் போவதை நிறுத்த மாட்டாள், ஸ்டேட்டஸை உங்களுக்கு மறைத்து வைப்பாள். அப்புறம் எங்கே இருக்கிறாள் என்றே உங்களுக்குத் தெரியாது, அதுதான் நிஜமான ஆபத்து. அதற்குப் பதில் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த ரயில், எங்கே தங்கல், கூடப் போகிறவர்களில் இரண்டு பேருடைய நம்பர். ஒவ்வொரு முறையும். கண்டிப்புக் குரலில் வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்.

செலவைப் பற்றி: மிலானிலிருந்து கோமோ, பெர்காமோ எல்லாம் வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், டிக்கெட் ஒரு பீட்சா விலைக்குள் அடங்கும். படம் பார்க்கப் பெரிதாகத் தெரியும், அம்மா. கல்விக்கடனைக் கரைத்துச் சுற்றுகிறாள் என்று முடிவு செய்வதற்கு முன் அவளிடமே ஒரு பயணத்தின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், அவள் சொல்லும் தொகையில் உங்களுக்கே சமாதானம் வரலாம். பெரிதாக இருந்தால் அப்போது பேசுங்கள், நியாயமாக இருக்கும்.

ஆண் பிள்ளைகளோடு போவது பற்றி. இரவு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போதும் தெரியாத ஊரில் தங்குமிடம் தேடும்போதும், கூடப் படிக்கிற பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தது எனக்கு எவ்வளவோ தைரியமாக இருந்தது. பல ஹாஸ்டல்களில் பெண்களுக்கு மட்டுமான அறை உண்டு, அதை எடுக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112. கோமோவுக்கு வடக்கே போனால் சுவிட்சர்லாந்து வந்துவிடும், இத்தாலி சிம்மின் ரோமிங் சலுகை அங்கே பெரும்பாலும் செல்லாது, அதனால் பிள்ளைகள் டேட்டாவை அணைத்து வைப்பார்கள். ஒரு மதியம் முழுக்க ஒற்றை டிக்கில் நின்றால் உடனே பயந்துவிடாதீர்கள். அவள் அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்படவில்லை.

கேள்வி: அக்கா, போஹும் நகரில் மூன்றாவது செமஸ்டர். வீட்டுக்குக் கொஞ்சம் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் சனி, ஞாயிறு வேலைக்குப் போகிறேன். நண்பர்கள் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு, நான் வரவில்லை என்று சொல்லி, இப்போது கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். நான்தான் விலகிப் போகிறேன் என்று நினைக்கிறார்கள். காசில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவர்களில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். "எனக்கு வர ஆசை, இந்த வருடம் காசு இல்லை, வீட்டுக்கு அனுப்புகிறேன்." அவ்வளவுதான். அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார், நீங்கள் எல்லோர் முன்னாலும் நின்று விளக்க வேண்டியதில்லை. கூடப் படிக்கிற பாதிப் பேர் கடனில்தான் வந்திருக்கிறார்கள், புரியாதவர்கள் அல்ல. அவர்களுக்குத் தெரியாது, அதுதான் விஷயம்.

வேலை பற்றி ஒரு வார்த்தை: மாணவர்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பு இருக்கிறது. எல்லா சனி, ஞாயிறும் முழு நாள் வேலை செய்தாலும் 104 நாள்தான், அதனால் விடுமுறையில் செய்கிற நாட்களையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு ஷிஃப்டை மட்டும் விட்டுத்தர முடியுமா என்று பாருங்கள். ஒன்றே ஒன்று.

அந்த ஒரு நாளுக்கு அவர்கள் கூப்பிடக் காத்திருக்காதீர்கள், நீங்கள் கூப்பிடுங்கள். போஹுமிலிருந்து எஸென் பக்கத்து ஊர். ட்ஸோல்ஃபெரைன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கம் அங்கே இருக்கிறது, 1986-ல் மூடினார்கள், 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். உள்ளே இருக்கும் மியூசியத்துக்குத்தான் டிக்கெட், வளாகம் முழுக்க எந்தக் கட்டணமும் இல்லாமல் நடக்கலாம். அந்தச் சிவப்பு இரும்புக் கோபுரத்தின் கீழே நிற்கும்போது, தலைமுறை தலைமுறையாக ஒரு ஊரே உழைத்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியும். இல்லையென்றால் ஹாம். வட்டார ரயிலில் போய் பஸ் பிடித்தால் ஊருக்கு வெளியே காமாட்சி அம்மன் கோயில், ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்கு நடத்தியது, நம் ஊர் மாதிரியே கோபுரம். கோடைத் தொடக்கத்தில் தேர். ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், தேங்காய் உடைப்பார்கள், காவடி வரும், பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். முதல் முறை போனபோது ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டில் எதையாவது எடுத்துக்கொண்டு இன்று ராத்திரி குரூப்பில் போடுங்கள்: "அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் சந்திக்கலாம், டிக்கெட் எல்லோரிடமும் இருக்கிறது, எலுமிச்சை சாதம் நான் கொண்டு வருகிறேன்." யார் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.